முடியைக் கேட்ட மருந்து, விரலைக் கேட்ட மருந்து

ஷைலஜா அயர்லாந்திலிருந்து கூப்பிட்டாள். புத்தூர்ப் பெண். திருப்பதியில் என்னோடு ஒரே வார்டில் பல வருஷம் நர்ஸாக நோயாளிகளுக்குக் கீமோ ஏற்றியவள். இப்போது அங்கே மழை ஓயாத ஒரு ஊரில் அதே வேலையைச் செய்கிறாள்.

"அக்கா, நாளன்னிக்கு நான் வகுப்பு எடுக்கணும். கணையத்துல புற்று முத்திப்போயி, மொத மருந்து கேக்காதவங்களுக்கு ரெண்டாவதா எதைக் குடுக்கறது, எதுக்கு எது மேலுன்னு ஒப்பிட்டுச் சொல்லணும். ஸ்லைடெல்லாம் போட்டுட்டேன். மருந்து பேரு, அளவு, பக்க விளைவு, எவ்ளோ நாள் தாங்கும்னு கட்டம் கட்டமா. படிச்சுப் பாத்தா பஸ் ஸ்டாண்டுல எழுதி வெச்ச டைம் மாரி கீது."

"முனியம்மாவைச் சொல்லு" என்றேன்.

"எந்த முனியம்மா?"

"லட்டு முனியம்மா."

அந்தப் பக்கம் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது; அதை அணைத்தாள். பிறகு, "எனக்கு அழுவறதுக்கெல்லாம் டைம் கெடையாதுக்கா, டீ பிரேக்கு முடியப் போவுது" என்று வைத்துவிட்டாள்.

அவள் வைத்த பிறகும் நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முழங்கால் தேய்ந்து, விருப்ப ஓய்வு வாங்கி, வீட்டோடு இருக்கிறவள் நான். ஐம்பத்திரண்டு வயது ஓய்வு பெறும் வயதா என்று கேட்பவர்களுக்கு, நின்ற கால்களைத்தான் காட்ட வேண்டும். காலை ஏழு மணிக்கு இன்னமும் கை தானாக உடையின் பையைத் தேடுகிறது. அந்தப் பையில் கத்தரிக்கோல் இருக்கும், பிளாஸ்திரி இருக்கும், யாரோ கொடுத்த ஒரு மிட்டாய் இருக்கும். இப்போது பையே இல்லை.

சித்தூரில் நர்சிங் படித்த வருஷங்களை வாசனையிலேயே சொல்லி முடித்துவிடலாம்: லைசால், கொதிக்க வைத்த ஊசி, விடுதிச் சாம்பார். நாங்கள் படிப்பை முடிக்கவும் நாட்டின் கதவுகள் திறக்கவும் சரியாக இருந்தது. ஊரெங்கும் தனியார் பால் பண்ணைகள் முளைத்தன. எஸ்.டி.டி. பூத்துகளின் மஞ்சள் பலகைகள் முளைத்தன. என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருத்தியாக மஸ்கட் போனார்கள், ரியாத் போனார்கள், குவைத் போனார்கள். நானும் பாஸ்போர்ட் எடுத்தேன். எடுத்ததோடு சரி. நகரி பக்கத்தில் எங்கள் கரும்புத் தோட்டம், அதைவிட்டு நகராத நைனா, அவரை விட்டு நகராத நான். போனவர்களுக்கு ஊர்மேல் ஏக்கம் இருக்கும் என்பார்கள். போகாதவளுக்கும் ஒன்று உண்டு. எல்லோரும் இருந்த அந்த வார்டின் மேல்.

வார்டின் தலைவி டாக்டர் வசுந்தரா. கோதாவரிக் கரைப் பெண்மணி. கோட்டுப் பையில் வறுத்த வேர்க்கடலை வைத்திருப்பார். இரண்டாவது மருந்தை முடிவு செய்கிற நாளில் மட்டும் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஸ்கேனை மேசையில் கவிழ்த்து வைப்பார். நோயாளியின் கட்டிலைவிடத் தாழ்ந்த முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்காருவார். மருந்தின் பெயர் ஒன்றையும் சொல்லமாட்டார். "பொத்துன்னே லேசி ஏம் சேஸ்தாவம்மா?" என்பார். காலையில் எழுந்ததும் என்ன செய்வாய்? பிறகு? அதற்குப் பிறகு? விளக்கணைக்கிற வரை கேட்பார். எந்த மருந்து அந்த நாளிலிருந்து எதைப் பிடுங்கும் என்று மனதுக்குள் பொருத்திப் பார்ப்பார். மாதங்களில் பெரிய வித்தியாசம் இல்லாத மருந்துகளுக்கு நாளில்தான் வித்தியாசம் இருக்கிறது என்பது அவர் கணக்கு.

எல்லைக்கிராமத்துத் தமிழ்க்காரர்கள் என்றால் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். அவர்களுக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். ஆனால் அவர்களுடைய தெலுங்கு மண்டல் ஆபீஸில் மனு கொடுக்கிற தெலுங்கு. அதில் கேட்டால் "வண்டுதானு, திண்டானு, படுகுண்டானு" என்று பதில் வரும். சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், படுக்கிறேன். அவ்வளவுதான். அதையே தமிழில் கேட்டால் அடுப்பு பற்றிக்கொள்ளும், மாடு கத்தும், நாத்தனார் எட்டிப் பார்ப்பாள்.

முனியம்மாவுக்கு நிஜமாகவே நாத்தனார் கூட வந்திருந்தாள், கங்கம்மா. குப்பத்தை அடுத்த சாந்திபுரம் பக்கத்து ஊர். ஒரு காலத்தில் சொந்தமாக ஒரு அடி மண் இல்லாத குடும்பம். இப்போது கொஞ்சம் நிலம், இரண்டு ஜெர்சி மாடு. கணவர் இல்லை. ஒரே மகன் சீனு குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவர். முனியம்மாவுக்குக் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. கல்லீரலுக்கும் போய்விட்டது. பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, மஞ்சள் காமாலை இறங்கி, முதல் மருந்து சில மாதம் தாங்கி, ஆனி மாதத்தோடு அது கைவிட்டுவிட்டது.

"காலைல இன்னாம்மா பண்ணுவ?" என்றேன் நான்.

"இன்னா பண்றது சிஸ்டரு. மாடு கறப்பேன். பால் வண்டிக்கு ஊத்துவேன். அப்பறம் களி கிண்டுவேன்."

"நீ எங்க அண்ணி கிண்டற? நான்தான கிண்டறேன்" என்றாள் கங்கம்மா.

"நீ கிண்டறது கஞ்சிடி. களி கட்டி தட்டாம வரணும். உருண்ட புடிக்கறதுக்கு ஒரு கை வேணும். தண்ணியத் தொட்டுக்கினு, சூடு ஆறறதுக்குள்ள உருட்டணும். எம்புள்ள அதத்தான் கேக்கறான். போன் பண்ணாப் போதும், 'யம்மா, இங்க ரொட்டி துன்னு துன்னு நாக்கு செத்துப் போச்சு, தீபாவளிக்கு வரேன், களி போடு, மொச்சையில பிதுக்குப் பருப்புக் கொழம்பு வையி'ங்கறான்."

"அவனுக்குச் சொல்லிட்டீங்களா?"

"வாயத் தெறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினு கீறேன் இவகிட்ட. பாஸ்போர்ட்டு முதலாளிகிட்ட கீது. பாதில ஓடியாந்தான்னா திரும்பிப் போவ முடியாது. அவன் முறையா லீவுல வரட்டும். வந்து, உக்காந்து, எங்கையால துன்னட்டும். அப்பறம் சொல்லிக்கலாம்."

நான் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே வர, டாக்டர் கடலையை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தார். பிறகு வழிகளைச் சொன்னார். நான் தமிழில் வைத்தேன்.

ஒன்று, மாத்திரை. வீட்டிலேயே போடலாம். பலம் கம்மி. உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரியும். இரண்டு, ஆக்சாலிப்ளாட்டின், கூடவே இரண்டு நாள் சொட்டு மருந்து. குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். சில்லென்று குடித்தால் தொண்டை இறுகும். போகப் போக விரல் நுனி மரத்துப்போகும், ஜாக்கெட் கொக்கி மாட்ட வராது. முடி அநேகமாக நிற்கும். மூன்று, இரினோடிகான், அதே இரண்டு நாள் சொட்டு மருந்தோடு. வயிறு போகும், முடி போகும். கை தப்பிக்கும். நான்கு, எதுவும் வேண்டாம், வலிக்கு மட்டும் மருந்து. அந்த நான்காவதை டாக்டர் ஒருபோதும் தாழ்ந்த குரலில் சொன்னதில்லை. மற்ற மூன்றின் பக்கத்தில் அதே உயரத்தில் வைப்பார்.

"ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் எத்தினி மாசம் வித்தியாசம்?" என்றாள் முனியம்மா. நல்ல கேள்வி. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் கேட்கிற கேள்வி.

"நேருக்கு நேர் வெச்சுப் பாத்து, கையடிச்சுச் சொல்ற மாதிரி எதுவும் எங்கிட்ட இல்லம்மா" என்றார் டாக்டர். "ரெண்டும் கொஞ்சம்தான் தாங்கும். எதைக் குடுத்து வாங்கறதுன்னு நீதான் சொல்லணும்."

கங்கம்மா முந்திக்கொண்டாள். "பொம்பளைக்கு முடி போனா இன்னா ஆவறது? ஊர்ல இன்னான்னு சொல்றது?"

"அட போடி. இது இன்னா ஊரு? திருப்பதி. இங்க மொட்ட இல்லாதவளத்தான் திரும்பிப் பாப்பாங்க."

டாக்டருக்கு அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. கடலை சிந்தச் சிரித்தார்.

முனியம்மா சிரிக்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கையையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முடி போவட்டும் மேடம். கை வேணும். சீனு வர்ற வரைக்கும் கை வேணும்."

ஆடி மாதம் இரினோடிகான் தொடங்கினோம். அந்த நாள்களின் ஒழுங்கு எனக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது. முதலில் ரத்தப் பரிசோதனை. வெள்ளணு எவ்வளவு, பிலிருபின் எவ்வளவு. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு மஞ்சள் ஏறினால் இந்த மருந்தை ஏற்றக்கூடாது, உடம்பு அதை வெளியேற்றாது. ஆகவே முடிவு வருமுன் நானே அவள் கண்ணின் வெள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிடுவேன். பிறகு வாந்திக்கு ஊசி. மருந்துக்கு முன்னால் அட்ரோபின், இல்லையென்றால் பாட்டில் பாதி போவதற்குள் வியர்த்து, மூக்கு ஒழுகி, வயிற்றை முறுக்கும். மருந்து ஏறும்போது நான் அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். வியர்வை மருந்துக்கு முந்திச் சேதி சொல்லும். கடைசியில் நெஞ்சில் பதித்த போர்ட்டில் பம்ப்பை மாட்டுவேன். அது பால் புட்டி மாதிரி ஒரு பாட்டில், உள்ளே ஒரு பலூன். பலூன் சுருங்கச் சுருங்க மருந்து சொட்டும். கரண்டும் வேண்டாம், கட்டிலும் வேண்டாம். அதைத் துணிப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு முனியம்மா எழுந்து நடப்பாள்.

இரண்டு நாள் பம்ப்போடு குப்பம் வரை ரயிலில் போய் வர முடியாது. திருச்சானூரில் ஒரு சின்ன லாட்ஜில் தங்குவார்கள். தாயார் கோயில் குளத்தங்கரையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் காலை ஷேர் ஆட்டோவில் வந்து, பலூன் சுருங்கிப்போன பாட்டிலை என்னிடம் நீட்டி, "இந்தா சிஸ்டரு, புள்ள பால் குடிச்சிட்டான்" என்பாள்.

சில வாரத்தில் சீப்பில் கொத்தாக முடி வர ஆரம்பித்தது. அடுத்த முறை வந்தபோது, "தலகாணிக்குக் குடுக்கறத சாமிக்குக் குடுத்துட்டு வரேனே, கேளு மேடத்த" என்றாள். எனக்குப் பயம். வெள்ளணு இறங்கியிருக்கும் நேரத்தில் சவரக் கத்தி ஒரு கீறு கீறினால் போதும், காய்ச்சல் பிடித்துக்கொள்ளும். அணுக்கள் ஏறி நிற்கிற நாளாகப் பார்த்து, அடுத்த மருந்துக்கு முன்னதாக, டாக்டர் அனுப்பினார். மலை மேல் டோக்கனோடு அரை பிளேடு கொடுப்பார்கள். புதுசுதானா என்று பார்த்து வாங்கச் சொல்லி, கங்கம்மாவிடம் பத்துத் தடவை சொன்னேன்.

மறுநாள் தலை நிறையச் சந்தனத்தோடு வார்டுக்குள் நுழைந்தாள். கோயிலிலிருந்து இறங்கிவருகிற லட்சம் பேரில் ஒருத்தி. அவளைப் பார்த்து, துண்டைப் போட்டுத் தலையை மூடியிருந்த பக்கத்துக் கட்டில் பெண் துண்டை எடுத்துவிட்டு, "அக்கா, எனக்கும் கொஞ்சம் சந்தனம்" என்றாள். அந்த வருஷம் முழுக்க எங்கள் வார்டு ஸ்பிரிட்டும் சந்தனமும் கலந்து மணத்தது.

ஊரில் யாரும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படாததுதான் வினை. மொட்டை போட்டுக்கொண்டு வந்தவளிடம் "லட்டு எங்க?" என்று கேட்காத ஊர் எங்கள் ஜில்லாவில் கிடையாது. வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த தடவை திருப்பதி போய்வந்தபோதும் கேட்டார்கள். மகனுக்காக மாதத்தில் இரண்டு தடவை ஏழுமலையானைப் பார்க்கிற புண்ணியவதி என்று பேர் பரவியது. பெண்கள் காலைத் தொட்டார்கள். தங்கள் வேண்டுதல் முடிப்புகளை மஞ்சள் துணியில் கட்டி, உண்டியலில் சேர்த்துவிடச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்கள். பம்ப்பை மாட்டிக்கொண்டு மலை ஏற முடியாதே. ஆகவே என் வார விடுமுறையில் அந்த முடிப்புகளை நான் சுமந்து போய்ப் போட்டேன். லட்டையும் நானே வாங்கி வந்தேன். யாருக்கு மாடு சினையாக வேண்டும், யாருக்கு விசா வர வேண்டும் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. கனம் மட்டும் தெரிந்தது.

தீபாவளிக்குச் சீனு வரவில்லை. முதலாளி விடவில்லை, பொங்கலுக்கு வருகிறேன் என்றான். கார்த்திகையில் எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் புதிய புள்ளிகள்.

டாக்டர் மறுபடியும் முக்காலியை இழுத்தார். இனி இந்த மருந்து பயனில்லை, ஆக்சாலிப்ளாட்டினுக்கு மாறலாம், உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது, காத்திருந்தால் அதுவும் போய்விடலாம் என்றார்.

"பொங்கல் கழிச்சு ஏத்திக்கறேன் மேடம்."

"பொங்கல் வரைக்கும் நீ எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியாது."

"களி உருட்டற மாரி இருந்தாப் போதும்."

டாக்டருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு. எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றார். "ஒரு உருண்டைக்காகவா?" என்று தெலுங்கில், தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். முனியம்மாவுக்கும் புரிந்தது.

மறுநாள் காலை டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அவர் ஊரில் அரிசிச் சோறு. "அந்தக் களியை எப்படி உருட்டுவாங்க, காட்டு" என்றார். கை கழுவும் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்தேன். விரல்களை முக்கி, ஆவி பறக்கிற ஒன்றைத் தட்டில் புரட்டுவதுபோல, மறுபடி முக்கி, மறுபடி புரட்டி, கடைசியில் உள்ளங்கையில் ஏந்தி வைப்பதுபோலச் செய்து காட்டினேன். சுடுவது ஒரு நொடி, குளிர்வது ஒரு நொடி. டாக்டர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. விட்டுடு" என்றார். "வலி மாத்திரைய மட்டும் குறைவில்லாம குடுத்தனுப்பு."

அந்த மார்கழி போல நீண்ட மாதம் எனக்கு வேறில்லை. ஷைலஜா தினமும் கேட்பாள், "குப்பத்துலருந்து போன் வந்துதா அக்கா?" கங்கம்மா இரண்டு நாளுக்கு ஒரு தடவை பூத்திலிருந்து பேசுவாள். "துன்றது கம்மிதான். ஆனா தினம் மாவு சலிச்சு வெக்குது. நான் தொட்டா கத்துது." கண் மஞ்சளா, மூத்திரம் என்ன நிறம், காய்ச்சல் உண்டா என்று நான் கேட்பேன். அவள், "பிதுக்குப் பருப்பு சீசன் முடிஞ்சிடுமோன்னு பொலம்புது" என்பாள்.

தை பிறந்த பிற்பாடு ஒரு காலை, மூன்று பேராக வந்தார்கள். நடுவில் முனியம்மா, சேலைக்குள் பாதியாகிப்போயிருந்தாள். ஒரு பக்கம் கங்கம்மா. மறுபக்கம் கறுத்த, உயரமான பையன், அம்மாவின் மூக்கோடு.

முனியம்மா உட்காரக்கூட இல்லை. "அந்தக் கை மரத்துப் போற மருந்த இப்பக் குடு மேடம்" என்றாள். "கை வேலை முடிஞ்சிது."

சீனுவை நான் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனேன். எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் பேசினான்.

"ஊர்ல யாருக்குப் போன் போட்டாலும், உங்கம்மா உனுக்கோசரம் திருப்பதி போய்க்கினே கீது, லட்டு குடுத்துக்கினே கீதுன்னாங்க. எனக்குச் சந்தோசமா இருந்துதுக்கா. அங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு திரிஞ்சேன். வந்து எறங்கி, கால்ல வுழுந்து எழுந்து, சும்மா தலையத் தொட்டேன். மொட்ட போட்டா பத்து நாள்ல முள்ளாட்டம் குத்தணும். வழவழன்னு கீது. குழந்தை தலை மாரி."

"கேட்டியா?"

"கேக்கல. களி போட்டு வெச்சிருந்துச்சு. உக்காந்து துன்னேன். நாலு உருண்ட. வயித்துல எடமில்ல, அதும் போட்டுக்கினே இருந்துது, நானும் துன்னுக்கினே இருந்தேன். கைய கழுவிக்கினு வந்து, அதுவே சொல்லிச்சு."

ஆக்சாலிப்ளாட்டினை உப்புத் தண்ணீரில் கலக்கக்கூடாது, குளுக்கோஸில்தான். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்த பிறகே மாட்டினேன். முதல் நாளிலேயே கட்டில் கம்பியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள். "ஐயோ சிஸ்டரு, நெசமாவே கரண்ட்டு!" ஏதோ நான் சொன்னது பொய்யாக இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தவள்போலச் சிரித்தாள். அந்தக் கம்பிக்கு நான் பழைய துணி சுற்றினேன்.

மூன்றாம் முறை வந்தபோது மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சீனு லாட்ஜ்காரர் வீட்டு அடுப்பில் களி கிண்டி, ஒரு டப்பாவில் எடுத்து வந்திருந்தான். கரண்டியை அவளால் பிடிக்க முடியவில்லை, சில்லென்று இருந்தது. அவன் குழாயில் கையை நனைத்துக்கொண்டு வந்து, களியைக் கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்த்து, வாயருகே கொண்டுபோனான்.

"உருண்டயாடா இது? குப்பத்துக் கல்லு குவாரிலருந்து எடுத்துக்கினு வந்தியா?"

"துன்னும்மா. பேசாத."

தின்றாள். ஒரு உருண்டையில் கால்பங்கு இருக்கும். டாக்டர் வாசலில் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

பங்குனியில் கங்கம்மா கடைசியாக பூத்திலிருந்து பேசினாள். மறுபடி மஞ்சள் ஏறியது, இந்தத் தடவை இறங்கவில்லை, வீட்டிலேயே, மகன் பக்கத்திலிருக்க. அந்த இரண்டு மருந்தும் அவளுக்கு நாள் கூட்டினவா என்று எனக்குத் தெரியாது. மகனோடு ஒரு தையும் மாசியும் இருந்தாள் என்பது தெரியும். ஷைலஜாவின் கட்டத்தில் அதற்கு ஒரு வரி கிடையாது, இருந்தாலும் எண்ணாக எழுத வராது.

வகுப்பு முடிந்து ஷைலஜா கூப்பிட்டாள். முனியம்மாவைச் சொன்னாளாம். இப்போது அந்த இரினோடிகான் கொழுப்புத் துளிக்குள் அடைபட்டு வருகிறது, அதைப் பற்றியும் சொன்னாளாம். கேட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், களி என்றால் என்ன என்று கேட்டாளாம். "தண்ணி வெச்சு, கைய முக்கிக் காட்டினேன்க்கா" என்றாள்.

இந்த மார்கழியில் ஒரு காலை திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். பனி. வழியில் சந்தனத் தலையோடு மூன்று பெண்கள் ஏறினார்கள். தலைகளை நான் பார்ப்பதில்லை. அந்த ஊரில் தலை ஒன்றும் சொல்லாது. கைகளைப் பார்ப்பேன். இரண்டு பேர் இரும்புக் கம்பியைச் சாதாரணமாகப் பிடித்தார்கள். மூன்றாமவள் முந்தானையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அதற்கப்புறம் பிடித்தாள்.

நான் நகர்ந்து உட்கார்ந்து, காற்றடிக்காத என் பக்கத்து இடத்தை அவளுக்குக் கொடுத்தேன்.

"காலைல எழுந்ததும் இன்னாம்மா பண்ணுவ?" என்று கேட்டேன்.